ஆறுதலா வாங்கோ

எங்களைப் பாரிசுக்கு அனுப்பிவைத்த நாளில் எங்கள் சபைக் கோயில் வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். எனக்கு மூன்று மாலை. என் வீட்டுக்காரருக்கு எத்தனை என்று எண்ணவில்லை. கழுத்தே தெரியவில்லை, அவ்வளவுதான். முப்பது வருஷம் உபதேசியாராகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிள் மிதித்த மனுஷர், ஓய்வு பெறுகிற வயதில் மிஷனரியாக விமானம் ஏறினார். என்னையும் இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்க ஒரு சபையைக் கூட்டிட்டுத்தான் இந்த மண்ணை மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கூட்டம் கை தட்டியது. எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

பாரிசில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பேல் பகுதியில் எங்களுக்குக் கிடைத்தது ஐந்தாவது மாடியில் ஓர் அறையும் ஓர் அடுப்படியும். லிப்ட் கிடையாது. ஜன்னலுக்கு நேரே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும். ஒவ்வொரு தடவையும் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எங்கள் கடைக்குட்டி மகள் பத்தாவது முடித்திருந்தாள்; அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தோம். ஆறு மாதத்தில் அவளுக்குப் பிரெஞ்சு வந்துவிட்டது. எனக்கு 'போன்ஜூர்' வந்தது. அதை வைத்துக்கொண்டே நான் எல்லா இடத்துக்கும் போய் வந்தேன். ஸ்டேஷன் பெயர் வாசிக்க வராது, எண்ணிக்கொள்வேன். காரே து நோர் ஸ்டேஷனிலிருந்து, நாங்கள் கைப்பிரதி கொடுக்கப் போகிற லெ பிளாங்-மெனில் ஐந்தாவது. விரலை மடக்கிக்கொண்டே போவேன், ஒரு நாளும் தப்பியதில்லை.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பெரிய எழுத்து வேதப்புத்தகத்தை எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசித்துத்தான் எனக்கு வாசிப்பு வந்தது. வாத்தியார் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. யாராவது "குடுங்க, நான் வாசிச்சுச் சொல்றேன்" என்றால் எனக்குப் பொறுக்காது. இந்தக் கதையில் பாதிக் குற்றம் அந்தக் கர்வத்தின் மேல்.

சபை கூடவில்லை. அதுதான் உண்மை. ஒரு சேலைக் கடைக்குப் பின்னால் இருந்த அறையை ஞாயிறு மத்தியானத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏழு நாற்காலி போடுவோம். இரண்டு படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். ஒரு பெரியவர் வருவார். அவருக்குத் தேநீர் முக்கியம். என் வீட்டுக்காரர் நானூறு பேருக்குப் பிரசங்கம் செய்வது போலத்தான் அந்த மூன்று பேருக்கும் செய்வார். கார்த்திகை மாதம், எங்களை அனுப்பின சபைக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. கிறிஸ்துமஸுக்குள் ஒரு வீடாவது ஜெபத்துக்குத் திறந்தால் தங்கலாம், இல்லாவிட்டால் புது வருஷத்தில் திரும்பிவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். அவருக்கு அது ஆண்டவருடைய சித்தம். எனக்கு மூன்று மாலையும் மைக்கும் கண் முன்னால் வந்து நின்றன. அந்தப் பந்தலின் கீழ் வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பேன்?

ஒரே ஒரு வீடுதான் எங்களுக்கு நம்பிக்கையாக இருந்தது. ரூ காய் என்கிற தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் காய்கறி நிறுக்கிற தங்கச்சி ஒருத்தி. இலங்கை மன்னார்ப் பிள்ளை. நான் முருங்கைக்காய் பொறுக்குவதைப் பார்த்து, "அக்கா, நீங்கள் முருங்கைக்காயோடை கதைக்கிறியளோ?" என்று கேட்டதில் தொடங்கின பழக்கம். வீடு லெ பிளாங்-மெனிலில். பெரிய கூடம் என்று சொல்வாள். ஜெபத்துக்குத் தருவாயா என்று நான் கேட்டபோது, "எனக்கு விருப்பம்தான் அக்கா. மாமிதான் விடமாட்டா. அல்லேலூயாக்காரர் படி ஏறினால் செருப்பை எடுப்பன் எண்டு சொல்லிப்போட்டா" என்றாள். அந்த மாமியை, அவள் மாமியாரை, நான் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு நாள், "மாமிக்குக் கடுமை அக்கா, ஆஸ்பத்திரியிலை விட்டிருக்கு" என்று கண் கலங்கினாள். நாங்கள் தினமும் அந்த அம்மாவுக்காக ஜெபம் பண்ணினோம்.

அது நடந்து மூன்று வாரம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது போனில் அவளிடமிருந்து எழுத்து வந்தது. கையைத் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எழுத்துக் கூட்டினேன்.

"அக்கா, மாமியை நேற்று வீட்டை கொண்டு வந்திட்டம். சனிக்கிழமை மத்தியானம் எல்லாரும் வருகினம். நீங்களும் பாஸ்டரும் ஆறுதலா வாங்கோ."

இரண்டு தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை வாசிக்க வெங்காயக் கண்ணீரும் சொந்தக் கண்ணீரும் விடவில்லை. கொண்டு வந்துவிட்டார்கள். சனங்கள் கூடுகிறார்கள். ஆறுதல் சொல்ல நம்மை அழைக்கிறாள், பாவம். இதில் என்ன சந்தேகம்?

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்த அழுகைக்கு நடுவே ஒரு நொடி, 'இனி அந்த வீடு திறக்குமே' என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது, ஆனால் வந்தது. பார்த்தே அறியாத ஒரு தாய் செத்துக் கிடக்க, எனக்கு அவள் வீட்டுக் கூடம் தெரிகிறது. வெட்கத்தில் முழங்கால் போட்டுவிட்டேன்.

மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சொன்னேன். "காட்டுங்கம்மா, பார்ப்போம்" என்று கையை நீட்டினாள்.

"ஏட்டி, எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும்மா. சும்மா பார்க்கத்தான்."

"சும்மா பார்க்கிறதுக்கு அது என்ன சினிமாவா?" என்று போனை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அப்போது ஜெர்மனியில் இருந்தார். அங்கே சில குடும்பங்கள் கூப்பிட்டிருந்தார்கள். போனில் சொன்னதும் அந்தக் குடும்பத்துக்காக அங்கேயே ஒரு ஜெபம் பண்ணினார். பிறகு, "ஏளா, நீ முதல்ல போயி அந்தப் பிள்ளையைத் தேத்து. நான் சனிக்கிழமை ரயில் இறங்கி நேரா அங்க வந்திருதேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் அடுப்பு எரியாது. போகிறவர்கள்தான் கடுங்காப்பி கொண்டுபோவோம். ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் கடைசிக் கட்டியைத் தட்டிப் போட்டு, சுக்கும் தட்டி, இரண்டு பெரிய பிளாஸ்க் நிறையக் காய்ச்சினேன். வெள்ளைச் சேலை கட்டி அதற்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டேன். ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடையில் மகள் ஒரு தொட்டி வெள்ளைச் செவ்வந்தி வாங்கினாள். "இங்க கல்லறைக்கு இதுதாம்மா வைப்பாங்க" என்றாள். ஒரு குறையும் வைக்கக் கூடாது என்று நானும் தலையாட்டினேன். காரே து நோரில் ஏறி, மடியில் பிளாஸ்க்கும் அவள் மடியில் தொட்டியுமாக, ஐந்து விரலையும் மடக்கி இறங்கினோம்.

படி ஏறும்போதே ஆட்டுக்கறி வாசம். உள்ளே பேச்சுச் சத்தம், யாரோ ஒரு பிள்ளை ஓடுகிற சத்தம்.

"அம்மா, என்னமோ சரியில்ல" என்றாள் மகள்.

"மன்னார்ப் பக்கம் வழக்கம் வேறயா இருக்கும். நீ மூஞ்சியை ஒழுங்கா வையி."

கதவைத் தட்டினேன். திறந்தது ஒரு குள்ளமான கிழவி. பச்சைச் சேலை, தலையில் கம்பளித் தொப்பி, கையில் ஊன்றுகோல். செத்தவருக்குத் தங்கச்சி முறையாக இருக்கும் என்று நினைத்தேன். பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு அவர்களைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழுதுவிட்டேன்.

"போயிட்டாங்களேம்மா! ஒரு தடவைகூட முகத்தைப் பார்க்காமப் போயிட்டேனேம்மா!"

"ஆர் போனது?" என்றது அந்த அம்மாவின் குரல், என் தோளுக்குள்ளிருந்து.

"உங்க அக்காதாம்மா..."

"எனக்கு அக்காவும் இல்லை தங்கச்சியும் இல்லை. நாலும் ஆம்பிளைச் சகோதரம். ஆர் பிள்ளை நீ?"

"இந்த வீட்டு மாமி, ஆஸ்பத்திரியில..."

"இந்த வீட்டு மாமி நான்தான்."

அப்போதுதான் பார்த்தேன். ஊன்றுகோல் பிடித்த மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டின பிளாஸ்டிக் பட்டை இன்னும் கிடந்தது. எனக்குப் பின்னால் மகள், "செ பா வ்ரே!" என்றாள். இருக்கவே முடியாது என்று அர்த்தம். அவள் தொட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய தொட்டி எங்கே ஒளியும்?

கடைத் தங்கச்சி கையில் அகப்பையோடு ஓடி வந்தாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். "என்னக்கா நடந்தது?" என்றாள். நான் போனை எடுத்து அவள் எழுதினதை அவளிடமே காட்டினேன். அவள் வாசித்தாள். பிறகு அகப்பையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, ஆறுதலா எண்டால் மெதுவா எண்டு. அவசரப்படாமல், வசதி போல வாங்கோ எண்டு. மாமி சுகமாகி வந்ததுக்குத்தான் சாப்பாடு!"

கூடத்தில் ஒரு இருபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு சுவரும் சேர்ந்து சிரிப்பது போல ஆயிற்று. எனக்குத் தரை பிளந்தால் நன்றாயிருக்கும் என்று இருந்தது. மாமி மட்டும் சிரிக்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்கள்.

"கொண்டு வந்திட்டம் எண்டோ எழுதினனி? நான் என்ன அரிசி மூட்டையோ?"

"இல்லை மாமி, அவசரத்திலை..."

"அவசரமாம். அவவை ஆறுதலா வரச் சொல்லிப்போட்டு நீ அவசரமா எழுதினியாக்கும்." பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உந்தக் குடுவைக்கை என்ன?" என்றார்கள்.

"கடுங்காப்பிம்மா. சாவு வீட்டுக்கு..." என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன்.

"ஊத்து பாப்பம்."

ஊற்றிக் கொடுத்தேன். மாமி ஊன்றுகோலைச் சாத்திவிட்டு, கப்பை இரண்டு கையாலும் பிடித்து ஆற அமரக் குடித்தார்கள். இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "செத்தவளும் எழும்பி இருந்து குடிப்பாள்" என்று கப்பை நீட்டினார்கள். "இன்னும் விடு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் அந்நியப்படவில்லை. ஒரு பெண் தன் சிவப்புச் சால்வையைக் கொண்டு வந்து என் வெள்ளைச் சேலைக்கு மேல் போர்த்திவிட்டாள். செவ்வந்தித் தொட்டியை மாமி தன் நாற்காலிக்கு முன்னாலேயே வைக்கச் சொன்னார்கள். "சவக்காலையிலை வைச்சால் நான் பார்ப்பனோ? இப்பவே பார்த்துக்கொள்ளுறன்" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. மனுஷர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார், அடக்க ஆராதனைக்கு ஆயத்தப்பட்டுக்கொண்டு. மகள் போனை எடுத்தாள்.

"என்ன செய்யிறாய் பிள்ளை?" என்றார்கள் மாமி.

"அப்பாகிட்ட சொல்லணும் பாட்டி, நீங்க..."

"வை போனை. ஒருதரும் சொல்லக்கூடாது. பாஸ்டர் வரட்டும். என்னைப்பற்றி என்ன சொல்லுறார் எண்டு நான் கேக்கவேணும். இந்தச் சந்தர்ப்பம் ஆருக்குக் கிடைக்கும்?"

நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. முப்பது வருஷமாக அவர் அடக்க ஆராதனை நடத்தி நான் கேட்டிருக்கிறேன். செத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற பாக்கியம் எனக்கும் வாய்த்ததில்லை.

பயணப் பெட்டியோடு அவர் வந்தார். வெளியே நல்ல குளிர். உள்ளே ஹீட்டரும் சமையல் ஆவியும். வாசலில் கால் வைத்த உடனே கண்ணாடி பூத்துப்போய், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கூடத்தில் ஒரு சத்தமில்லை. மங்கலாக நாற்காலி தெரிந்திருக்கும், முன்னால் வெள்ளைப் பூ தெரிந்திருக்கும். பெட்டியை வைத்தார், தொப்பியை எடுத்தார், கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் லேசில் திறக்க மாட்டார்.

"ஆண்டவரே, இந்த வீட்டின் தாயாருக்காக உம்மைத் துதிக்கிறோம். நீர் அவர்களுக்கு நீடித்த ஆயுசைக் கொடுத்தீர்."

யாரோ இருமினார்கள்.

"அவர்கள் சாந்தமுள்ளவர்கள். பொறுமையுள்ளவர்கள். ஒரு கடுஞ்சொல் பேசி அறியாதவர்கள்."

கடைத் தங்கச்சி அடுப்படிக்குள் ஓடினாள். அங்கே ஒரு பாத்திரம் விழுந்தது.

"மருமகளைப் பெற்ற மகளைப் போல நடத்தினவர்கள்."

"ஆமென்!" என்றார்கள் மாமி, உரத்த குரலில்.

யாரோ சொந்தக்காரர் என்று நினைத்து அவர் இன்னும் உற்சாகமானார். "இந்த உலகத்தின் பாடுகளை முடித்து..."

"முடிக்கேல்லை. பாஸ்டர், அந்தப் பொறுமை எண்டதை இன்னொருக்காச் சொல்லுங்கோ. மருமகள் உள்ளுக்கை நிக்கிறாள், கேட்டிருக்காது."

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்து மாட்டினார். பூவைப் பார்த்தார், பூவுக்குப் பின்னால் இருந்த கம்பளித் தொப்பியைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க...?"

"நீங்கள் அனுப்பிவைக்கிற ஆள்தான்."

அவர் என்னைத் தேடினார். சிவப்புச் சால்வையோடு, கையில் கறித் தட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். "ஏளா!" என்றார். அந்த ஒரு சொல்லில் முப்பது வருஷக் குடித்தனம் இருந்தது. அதற்குப் பிறகு அவரும் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும், சத்தம் வராது. அன்றைக்குச் சத்தமும் வந்தது.

சாப்பிட்டு முடிந்து சனங்கள் கலைந்த பிறகு, மாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். "பிள்ளை, வாசலிலை நீ அழுதது நடிப்பில்லை. முன்பின் தெரியாத எனக்காக எதுக்கு அப்படி அழுதனி?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கமிட்டிக் கடிதத்தைச் சொன்னேன். மாலையைச் சொன்னேன். அந்த ஒரு நொடி நினைப்பையும் சொன்னேன். "நீங்க போனா வீடு திறக்கும்னு நினைச்சிட்டேம்மா. அதுக்குத்தான் அழுதேன்."

மாமி என்னை உற்றுப் பார்த்தார்கள். செருப்பு எங்கே இருக்கிறது என்று நானும் பார்த்துக்கொண்டேன்.

"அதுக்கு நான் ஏன் சாகவேணும்?" என்றார்கள். "வந்து கேட்டிருக்கலாமே."

"நீங்க செருப்பை எடுப்பீங்கன்னு..."

"எடுத்திருப்பன். அது வேறை." பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "பாஸ்டர், நாங்கள் வேதக்காரர். எங்கடை பூட்டன் காலத்திலையே வேதத்துக்கு வந்தாச்சு. எங்களை மனந்திருப்ப வேண்டாம். வெள்ளிக்கிழமையிலை வாங்கோ. முதல் நான் செபமாலை சொல்லுவன், நீங்கள் இருக்கவேணும். பேந்து நீங்கள் பாடுங்கோ, நான் இருப்பன். மேளம் வேண்டாம், கீழ் வீட்டுக்காரி பொலிசைக் கூப்பிடுவாள். இந்தப் பிள்ளை கோப்பி கொண்டு வரவேணும்."

அவர் யோசித்தார். அவர்கள் கத்தோலிக்கர்; நாங்கள் வளர்ந்த வழியில் செபமாலை கிடையாது. மரியாள் பெயரில் ஜெபம் நடக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "சரிங்கம்மா."

திரும்பி வரும்போது ரயிலில் இரண்டு ஸ்டேஷன் வரைக்கும் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவதில், "ஏளா, நான் இன்னும் சரின்னு சொல்லலையே" என்றார்.

"உயிரோட இருக்கிறவங்களைப் பரலோகத்துக்கே அனுப்பிட்டீங்க. அவங்க செபமாலை சொல்ல விடுறதுக்கா யோசிக்கீங்க?"

அவர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து கமிட்டிக்கு எழுத உட்கார்ந்தார். ஒரு வீடு திறந்திருக்கிறது என்று எழுதினார். நான் விடவில்லை. "செபமாலையையும் எழுதுங்க. பின்னால தெரிஞ்சா மறைச்சோம்னு வரும்" என்றேன். ஒரு பெருமூச்சு விட்டு, கடைசிப் பத்தியில் அதையும் எழுதினார்.

பதில் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் நான் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கவில்லை, ஆனால் அதன் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மத்தியானம் கடிதத்தைப் படம் பிடித்துப் போனில் அனுப்பியிருந்தார்கள். ஜன்னல் பக்கம் போய் எழுத்துக் கூட்டினேன். ஒரு வீடு போதும், தங்கியிருங்கள் என்று இருந்தது. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி நேரமில்லாமையால் கூட்டத்தில் வாசிக்கப்படவில்லை என்றும் இருந்தது. செயலாளர் நல்ல மனுஷர், நல்லாயிருக்கட்டும்.

மறுபடி வாசித்தேன். பிறகு அடுப்படியிலிருந்த மகளைக் கூப்பிட்டு, போனை நானே அவள் கையில் கொடுத்தேன்.

"ஏட்டி, இதை நீ ஒரு தடவை வாசி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போனை வாங்கி, முகத்தைத் துக்க வீட்டு முகமாக வைத்துக்கொண்டு, "உடனே மூட்டையைக் கட்டவும்..." என்று தொடங்கினாள். நான் அகப்பையைத் தேடினேன். "இல்லம்மா, இல்ல! இருக்கச் சொல்லியிருக்காங்க! நீங்க வாசிச்சது சரிதான்!" என்று மேசையைச் சுற்றி ஓடினாள். ஜன்னலுக்கு வெளியே மெத்ரோ போயிற்று. டம்ளர்கள் எல்லாம் ஆடின.

மாமி இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "பாஸ்டர், அந்தப் பிரசங்கம் பத்திரமா இருக்குதோ? பொறுமையை விட்டுப்போடாதேங்கோ" என்று கேட்பார்கள். மருமகள் அடுப்படியிலிருந்து, "அதை மட்டும் விடுங்கோ பாஸ்டர்" என்பாள். கூடத்தில் இப்போது நாற்காலி போதவில்லை, பிள்ளைகள் தரையில் இருக்கிறார்கள். செபமாலையில் பாதி எனக்கே மனப்பாடம். அவருக்கும்தான், சொல்ல மாட்டார்.

ஆனால் அந்த முதல் வெள்ளிக்கிழமைதான் எனக்குப் பிடித்தது. பதில் வந்த மறுநாள்; அதுவரை போகாமல் காத்திருந்தோம். நான் பச்சைச் சேலை கட்டிக்கொண்டேன். கருப்பட்டி தீர்ந்துபோயிருந்தது, ரூ காயில் கிடைத்த பனங்கட்டியைப் போட்டுக் காய்ச்சினேன். நேரமாகிவிட்டது என்று அவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார். போனில் கடைத் தங்கச்சியின் எழுத்து வந்தது, எடுத்து நானே வாசித்தேன்: "ஆறுதலா வாங்கோ அக்கா." பிளாஸ்க்கைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, ஐந்து மாடியும் ஆறுதலாக இறங்கினேன்.